மின்வாசிப்பானுக்கு ஓர் உறை: பழைய ஜீன்ஸ், குட் மார்னிங் துவாலை, நாட்காட்டி அட்டை

மின்னூல் படிக்கும் கருவியான மின்வாசிப்பானின் திரை கீழே விழுந்துதான் உடையும் என்று பலர் நினைக்கிறார்கள். என்னுடைய முதல் கருவி கீழே விழவே இல்லை. தோளில் தொங்கிய பைக்குள் இருந்தபடியே உடைந்தது. சிங்கப்பூரில் காலை நேரப் பெருவிரைவு ரயிலில் நெரிசல் தாங்காமல் ஒருவர் என் பையின்மேல் சாய்ந்தார். பைக்குள் கருவியின் முகத்தை ஒட்டி எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா இருந்தது. டோபி காட் நிலையத்தில் ரயில் மாறிய பிறகு எடுத்துப் பார்த்தால், மேற்பரப்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் திரையின் கீழ்ப்பாதியில் முந்தைய நாள் இரவு படித்த வரிகள் அப்படியே உறைந்து நிற்க, மேற்பாதியில் மட்டும் பக்கம் மாறிக்கொண்டிருந்தது. அந்தக் கருவி அப்போது வெறுமனே கிடக்கவில்லை. கடையில் வாங்கிய மெத்தென்ற துணிப்பை ஒன்றுக்குள்தான் இருந்தது.

மெத்தென்று இருப்பது மட்டும் போதாது என்பதற்குக் காரணம் திரையின் அமைப்பிலேயே இருக்கிறது. கிண்டில், கோபோ போன்ற கருவிகளில் உள்ள மின்மை (E Ink) திரையில், கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மிதக்கும் மிகச்சிறு குமிழிகள் ஒரு மெல்லிய படலமாகப் பரப்பப்பட்டிருக்கும். அந்தப் படலத்துக்கு அடியில், எந்த இடம் கறுக்க வேண்டும், எந்த இடம் வெளுக்க வேண்டும் என்று மின்னழுத்தம் கொடுக்கும் சுற்று ஒன்று உண்டு. பெரும்பாலான கருவிகளில் இந்தச் சுற்று மெல்லிய கண்ணாடித் தகட்டின்மேல் அமைந்திருக்கிறது. மேலே இருக்கும் பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். அடியில் இருக்கும் கண்ணாடி வளையாது, விரிசல் விட்டுவிடும். ஒரே புள்ளியில் விழும் அழுத்தம்தான் அதற்குப் பகை. சாவிக்கொத்து, டப்பாவின் விளிம்பு, குடைக் கைப்பிடி ஆகிய எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை. பஞ்சும் கம்பளியும் அந்த அழுத்தத்தைச் சற்று மட்டுப்படுத்தினாலும், அதைப் பரப்பி விடுவதில்லை. பரப்பி விடுவதற்கு விறைப்பான ஓர் அட்டை வேண்டும். ஆகவே நாம் தைக்கப்போகும் உறையின் உயிர் அந்த அட்டையில் இருக்கிறது. மற்ற துணிகள் எல்லாம் அதற்கு உடுத்தும் உடுப்பு மட்டுமே.

இன்னொரு முடிவையும் முதலிலேயே எடுத்துவிட வேண்டும். புத்தக அட்டைபோல் திறந்து மூடும் உறையா, உள்ளே செருகி எடுக்கும் பையா? நான் பையைத்தான் பரிந்துரைக்கிறேன். புத்தக வடிவ உறையில் கருவியை நான்கு மூலைகளிலும் எலாஸ்டிக் வைத்துப் பிடிக்க வேண்டும். அது சிறிது பிசகினாலும் ஓரத்தில் உள்ள பொத்தானை அழுத்தும், அல்லது திரையின் விளிம்பை மறைக்கும். மேலும், ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள கருவியோடு உறையின் எடையையும் சேர்த்து ஒற்றைக் கையில் ஏந்திக்கொண்டு, மறு கையால் ரயில் கம்பியைப் பிடித்து நின்று படிப்பது எளிதன்று.

வீட்டில் தேட வேண்டியவை

வெளித்துணிக்குப் பழைய ஜீன்ஸின் கால் பகுதி மிகவும் ஏற்றது. முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத் துண்டில், தேய்மானம் குறைவாக இருக்கும். நமக்கு வேண்டிய 17 செ.மீ. அகலமும் பெரும்பாலும் அங்கே கிடைத்துவிடும். பக்கத் தையல் வரும் தடித்த பகுதியையும் பித்தளைக் குமிழ்கள் உள்ள பகுதியையும் தவிர்த்துவிடுங்கள். உட்பக்க மெத்தைக்கு, காப்பிக்கடைகளில் ஊழியர்கள் தோளில் போட்டிருப்பார்களே, சிவப்பு எழுத்துப் போட்ட அந்த வெள்ளை குட் மார்னிங் துவாலையைவிடச் சிறந்தது இல்லை. தடித்த குளியல் துவாலையை மடித்துத் தைத்தால் ஊசி இறங்காது. இதுவோ மெல்லியது, இரண்டாக மடித்தாலும் அடங்கி உட்காரும். உள்துணிக்குத் துவைத்துத் துவைத்து மிருதுவான பருத்தி வேட்டியோ பழைய பருத்திச் சேலையோ போதும். ஆனால் சரிகைக் கரை உள்ள பகுதி ஒருபோதும் வேண்டாம். அந்த உலோக இழை ஒவ்வொரு முறையும் திரையின்மேல் உரசிக்கொண்டே இருக்கும்.

அட்டைக்கு, மளிகைக் கடைகளில் தரும் தினசரி நாட்காட்டியின் முதுகு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 2 மி.மீ. தடிமனும் நல்ல விறைப்பும் உள்ளது அது. காலை உணவுப் பெட்டியின் மெல்லிய அட்டை உதவாது. இரண்டு கைகளாலும் பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள், எளிதில் வளைந்து மடிப்பு விழுந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். ஆணியில் மாட்டுவதற்காகத் தகரம் பதித்த மேல்பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும்.

மூடியை மாட்ட ஒரு சட்டைப் பொத்தானும் சிறிது எலாஸ்டிக்கும் தேவை. கொவிட் காலத்தில் சேர்ந்த துணி முகக்கவசங்கள் இன்னும் பல வீட்டு இழுப்பறைகளில் கிடக்கின்றன. அவற்றின் காது வளையம் இதற்குப் போதும். எனினும் 2020இல் வாங்கிய எலாஸ்டிக்கை இழுத்துப் பார்க்காமல் தைத்துவிடாதீர்கள். இழுத்து விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பாமல் தளர்ந்து நின்றாலோ, உள்ளே ரப்பர் இழை நொறுங்கும் சத்தம் கேட்டாலோ அது காலாவதியானது. காந்தப் பொத்தான் வேண்டாம் என்பேன். பல வாசிப்பான்களில், உறையில் உள்ள காந்தத்தை உணர்ந்து திரையை உறங்கவைக்கவும் எழுப்பவும் ஓர் உணரி இருக்கிறது. காந்தம் தவறான இடத்தில் அமைந்தால் பைக்குள்ளேயே கருவி விழித்தும் உறங்கியும் மின்கலத்தைத் தீர்த்துவிடும்.

வீட்டில் ஜீன்ஸ் இல்லாதவர்கள் புதுத்துணி வாங்கப் புறப்பட வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையச் சந்தையின் மேல்தளத்தில் உள்ள தையல்காரர்களிடம் வெட்டுத் துணி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கூட்டமில்லாத வார நாளில் போனால், கேட்டதற்கு மேலேயே கொடுக்கும் மனம் உடையவர்கள் இருக்கிறார்கள்.

செயற்கைத் தோலை மட்டும் இந்த ஊரில் நம்பாதீர்கள். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல் அந்த ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதைந்து, முதலில் பிசுபிசுத்து, பிறகு கறுப்புச் செதில்களாக உதிரும். பழைய கைப்பையிலிருந்து அப்படி ஒரு துண்டை வெட்டி நான் தைத்த உறை இரண்டு ஆண்டுகளில் என் விரல்களிலும் வெள்ளைச் சட்டையிலும் கருவியின் முதுகிலும் ஒட்டிக்கொண்டது.

வெட்டுவதற்கு முன்

எல்லாத் துணிகளையும் ஒரு முறை துவைத்து, நன்றாகக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே அளக்க வேண்டும். துவாலையும் பருத்தியும் சுருங்குபவை. தைத்த பின் சுருங்கினால் உறை இறுகிப்போகும். ஜீன்ஸுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் அழுத்தித் தேயுங்கள். நீலம் ஒட்டினால் மறுபடி துவையுங்கள்.

இப்போது அளவு. என் கையில் இருப்பது 2021இல் வெளிவந்த கிண்டில் பேப்பர்வைட். உயரம் 174 மி.மீ., அகலம் 125 மி.மீ., தடிமன் 8 மி.மீ. கீழே நான் தரும் கணக்கு இதற்கு உரியது. உங்கள் கருவி வேறாக இருந்தால் இதே வழியில் மாற்றிக்கொள்ளலாம்.

அகலத்தையும் தடிமனையும் கூட்டுங்கள்: 133 மி.மீ. வெளித்துணிக்கு இதனுடன் 37 மி.மீ. சேர்த்தால் 170 மி.மீ., அதாவது 17 செ.மீ. உள்துணிக்கு 27 மி.மீ. சேர்த்தால் 16 செ.மீ. இரண்டிலும் தையலுக்காக இருபுறமும் ஒவ்வொரு செ.மீ. அடங்கியிருக்கிறது. வெளித்துணியை மட்டும் ஒரு செ.மீ. கூடுதலாக ஏன் வைக்கிறோம் என்றால், அது கருவியை மட்டுமல்லாமல், அட்டையையும் துவாலையையும் சுற்றி வர வேண்டும். என் முதல் முயற்சியில் இரண்டு துணிகளையும் ஒரே அளவில் வெட்டினேன். தைத்து முடித்துக் கருவியைச் செருகியபோது பாதியில் நின்றுவிட்டது. தையலைப் பிரிக்க ஒரு மாலை முழுவதும் போயிற்று.

நீளத்துக்கு, பையின் முன்பக்கம் 19 செ.மீ., பின்பக்கம் 19 செ.மீ., மூடி 9 செ.மீ., இரு முனைகளிலும் மடிப்புக்கு ஒவ்வொரு செ.மீ.; மொத்தம் 49 செ.மீ. நீளமுள்ள ஒரே துண்டாக வெளித்துணியை வெட்டுங்கள். உள்துணிக்கு முன்னும் பின்னும் 18.5 செ.மீ. போதும் என்பதால் அதன் நீளம் 48 செ.மீ. துணியின் பாவு இழை (நெய்யும்போது நீளவாக்கில் ஓடும் இழை) பையின் உயரத்தோடு ஒத்து ஓடுமாறு வைத்து வெட்டினால், குறுக்கே இழுபட்டுப் பை கோணலாகாது. கோடு போடச் சுண்ணக்கட்டி இல்லையென்றால் தேய்ந்து மெலிந்த சோப்புத் துண்டு போதும். எங்கள் வீட்டில் அம்மா அதைத்தான் பயன்படுத்துவார். துவைத்தால் போய்விடும், கறையும் விடாது.

துவாலையை இரண்டாக மடித்த நிலையில் 13.8 செ.மீ. அகலமும் 37 செ.மீ. நீளமுமாக வெட்டுங்கள். இது உள்துணியைவிடக் குறுகியதாக இருப்பது வேண்டுமென்றே. பக்கத் தையலுக்குள் துவாலை மாட்டினால் அங்கே தடித்து, ஊசியும் ஒடியும். அட்டையைக் கருவியின் அளவுக்கே, 12.5 செ.மீ. அகலம் 17.5 செ.மீ. உயரம் என்று வெட்டி, நான்கு மூலைகளையும் ஐந்து காசு நாணயத்தை வைத்து வளைத்துக் கத்தரித்துவிடுங்கள். கூர்மூலை நாளடைவில் துணியைக் குத்திக் கிழிக்கும். பின் அட்டை முழுவதையும் பெட்டிகளை ஒட்டும் அகலமான ஒட்டுநாடாவால் இருபுறமும் போர்த்துங்கள். ஈரம் உறிஞ்சிய அட்டை விறைப்பை இழந்துவிடும்.

தைக்கும் முறை

கையால் தைப்பதாகவே எழுதுகிறேன். இயந்திரம் இருப்பவர்கள் ஜீன்ஸ் துணிக்கு 16ஆம் எண் ஊசியைப் போட்டு, தையல் நீளத்தை 3 மி.மீ. அளவுக்கு வைத்துக்கொண்டால் போதும். கையால் தைப்பவர்கள் பாலியெஸ்டர் நூலை மெழுகுவர்த்தியின்மேல் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் முடிச்சு விழாது. எல்லாப் பக்கத் தையல்களையும் பின்தையலாகப் போடுங்கள்: ஊசியை ஒரு தையல் தூரம் முன்னே ஏற்றி, முந்தைய தையல் முடிந்த துளையிலேயே பின்னே இறக்க வேண்டும். வெறும் ஓட்டுத் தையல் இழுத்தால் சுருங்கும், ஓரிடத்தில் அறுந்தால் முழுவதும் பிரியும்.

முதலில் உள்பை. உள்துணியின் தவறான பக்கத்தை, அதாவது தைத்த பின் கண்ணில் படாத பக்கத்தை, மேலே வைத்து, முன்முனையிலிருந்து ஒரு செ.மீ. விட்டுத் துவாலையைப் பரப்புங்கள். விட்ட அந்த ஒரு செ.மீ. துணியைத் துவாலையின் ஓரத்தின்மேல் மடித்துத் தைத்துவிடுங்கள். இது பையின் வாயாகும். பிறகு துவாலையும் துணியும் நகராமல் இருக்க, குறுக்கே நான்கு செ.மீ. இடைவெளியில் ஓட்டுத் தையலாகச் சில வரிகள் ஓட்டுங்கள். இங்கே ஓட்டுத் தையல் போதும். அடுத்து, துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு அதை மடித்து, இரு பக்கங்களிலும் ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்தள்ளித் தையுங்கள். துவாலை வெளியே தெரியும். அது சரிதான், இந்தப் பையைப் புரட்டக் கூடாது. பின்பக்கத்தில் மேலே நீண்டு நிற்கும் துணி, மூடியின் உட்புறத்துக்கு.

வெளிப்பையையும் இதே போலத்தான் தைக்க வேண்டும். முன்முனையை ஒரு செ.மீ. உள்ளே மடித்துத் தைத்து, நல்ல பக்கங்கள் உள்ளே எதிரெதிராக இருக்க மடித்து, இரு பக்கங்களையும் தைத்துவிட்டுப் புரட்டுங்கள். மூலைகளை வெளியே தள்ள ஒரு சாப்ஸ்டிக்கின் மழுங்கிய முனையைப் பயன்படுத்தலாம். கத்தரிக்கோலால் குத்தினால் தையல் போய்விடும். புரட்டுவதற்கு முன், பக்கத் தையல் முடியும் இடத்தில், வாயின் மட்டத்தில், பின்பக்கத் துணியின் தையல் ஓரத்தில் மட்டும் 8 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டுப் போடுங்கள். தையலைத் தொட்டுவிடக் கூடாது. இந்தச் சிறு வெட்டு இருந்தால்தான் மூடியின் பக்க ஓரங்கள் சுருக்கமில்லாமல் உள்ளே மடியும். உள்பையிலும் அதே இடத்தில் அதே வெட்டு வேண்டும்.

இப்போது உள்பையை வெளிப்பைக்குள் இறக்குங்கள். அடியில் இரு மூலைகளிலும் இரண்டு பைகளின் தையல் ஓரங்களையும் சேர்த்து இரண்டிரண்டு தையல் போட்டுவிட வேண்டும். இதை விட்டுவிட்டால், கருவியை வெளியே இழுக்கும் ஒவ்வொரு முறையும் உள்பையும் நாக்குப்போல் கூடவே வெளியே வரும். கை உள்ளே போகாததால் இது சற்று எரிச்சலூட்டும் வேலை; வெளிப்பையைப் பாதி உருட்டி இறக்கிக்கொண்டு செய்தால் எளிதாகும்.

மூடியில், ஜீன்ஸின் பக்க ஓரங்களையும் முனையையும் ஒரு செ.மீ. உள்ளே மடித்து இஸ்திரி போடுங்கள். உள்துணியின் ஓரங்களையும் அவ்வாறே மடித்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், சுற்றிலும் ஜீன்ஸ் கொஞ்சம் வெளியே தெரியும். ஏழு செ.மீ. எலாஸ்டிக்கை வளையமாக மடித்து, அதன் இரு முனைகளையும் மூடியின் முனை நடுவில் இரண்டு துணிகளுக்கும் இடையே செருகி, அங்கே நான்கைந்து முறை ஊசி ஏற்றி இறக்கி உறுதிப்படுத்துங்கள். பிறகு உள்துணியின் ஓரத்தைச் சிறு மறைதையலாக ஜீன்ஸோடு சேர்த்துவிடுங்கள்.

முன்பக்க வாயை மட்டும் முழுவதும் மூடித் தைக்கக் கூடாது. இரு பக்கங்களிலும் அரை செ.மீ. அளவுக்கு உள்பையையும் வெளிப்பையையும் சேர்த்துத் தைத்துவிட்டு, நடுவில் 14 செ.மீ. திறந்தே விடுங்கள். இந்த வழியாகத்தான் அட்டையை உள்ளே செருகப்போகிறோம். அட்டை ஜீன்ஸை ஒட்டி வெளிப்புறமாகவும், துவாலை அதற்கு உட்புறமாகவும் அமைய வேண்டும். வெளியிலிருந்து வரும் குத்தல் முதலில் அட்டையில் பட்டுப் பரவி, பிறகு துவாலையில் அடங்கி, அதன் பிறகே திரையை எட்டும். இந்த வரிசையை மாற்றி அட்டையைத் திரைக்கு அருகில் வைத்தால், இடையில் சிக்கும் ஒரு மணல் துகளே கேடு செய்யப் போதும்.

அட்டையைச் செருகுவதற்கு முன் பொத்தான். கருவியை உள்ளே வைத்து, மூடியை இயல்பாக மடித்து, எலாஸ்டிக் லேசாக இழுபடும் இடத்தைச் சோப்பால் குறித்துக்கொண்டு, கருவியை வெளியே எடுத்துவிட்டு, திறந்த வாய்க்குள் ஒரு கையை விட்டுப் பொத்தானை ஜீன்ஸில் மட்டும் தையுங்கள். பொத்தான் மேலே இருந்தாலும் அதற்கும் திரைக்கும் நடுவே அட்டை இருப்பதால் அழுத்தம் பரவிவிடும்.

கடைசியாக, அந்தத் திறந்த வாயின் நடுவில் ஒரே ஒரு தையல் போட்டுவிடுங்கள். போடாததன் விளைவை எங்கள் வீட்டில் கண்டோம்: என் கணவர் கருவியை அட்டை இருக்கும் இடுக்கில் செருகிவிட்டு, "இது ரொம்ப இறுக்கமாத் தச்சிருக்கியே" என்று குறைசொன்னார்.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

திரை எப்போதும் பொத்தான் உள்ள முன்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். அட்டை அங்கேதான் இருக்கிறது. என் பேப்பர்வைட்டில் மின்பொத்தானும் மின்னேற்றத் துளையும் கீழ்விளிம்பில் இருக்கின்றன. ஆகவே அதைத் தலைகீழாகச் செருகுகிறேன். கீழ்விளிம்பு அடியில் போனால் பொத்தான் பையின் அடித்தையலில் அழுந்தும். பருத்தித் தூசும் அடியில்தான் சேரும், அது துளைக்குள் புகும். மின்னேற்றும்போது கருவியை உறையை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள்.

காலணிப் பெட்டியில் வரும் ஈர உறிஞ்சிப் பொட்டலத்தை உறைக்குள் போட்டு வைக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். திறந்த வாயுள்ள பைக்குள் அது விரைவிலேயே ஈரம் நிரம்பிப் பயனற்றுப் போகும். அதன் விளிம்பு திரையில் அழுத்துவதுதான் மிச்சம். அதைவிட, மாதம் ஒருமுறை உறையைக் காலி செய்து, காற்றோட்டமான இடத்தில் வாயை விரித்து ஒரு பகல் வைத்தால் போதும். டிசம்பர், ஜனவரி மழை நாள்களில் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள்.

துவைக்க வேண்டுமானால் நடுத்தையலை வெட்டி அட்டையை உருவிவிட்டுக் கையால் துவைக்கவும். முறுக்கிப் பிழிய வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் கோத்துக் காயவைத்தால் அரை நாளில் மேற்புறம் உலர்ந்துவிடும், ஆனால் துவாலை உள்ளே ஈரமாகவே இருக்கும். அடுத்த நாளும் காயவிட்ட பிறகே கருவியை வையுங்கள். அட்டையை உருவியிருக்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெள்ளையாக ஒரு மடிப்புக் கோடு ஓடினால், அந்த இடத்தில் ஏதோ ஒன்று உங்கள் திரையைக் குத்த வந்து, அட்டையோடு நின்றுபோயிருக்கிறது. அப்படி மடிந்த அட்டை அடுத்த முறை தாங்காது. புது அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஜனவரி பிறந்தால் சுவரிலிருந்து பழைய நாட்காட்டி எப்படியும் கீழே இறங்கத்தான் போகிறது.